முட்டுக்காலை எடுத்தது யார்?

சங்கிலியம்மாவை மரம் கொல்லவில்லை. அந்த மரத்தின் கிளையைத் தாங்கி நின்ற முட்டுக்காலைப் பிடுங்கியவர்கள் கொன்றார்கள். அவர்கள் இந்த இரங்கல் கூட்ட மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைச் சொல்லிவிட்டுத்தான் வணக்கம் சொல்லவேண்டும் என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துகொண்டு வந்தேன். வணக்கத்தை முதலில் வைத்தால் நாக்கு மரியாதை பழகிவிடும்; பிறகு சொல்லவேண்டியது தொண்டையிலேயே நின்றுவிடும்.

கல்லறைத் தோட்ட நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, சாலை வேலையை எடுத்த ஒப்பந்தக்காரர் அவர்களே, நில அளவை அலுவலகத்திலிருந்து வந்திருக்கும் சங்கிலியம்மாவின் பழைய தோழர்களே, குழி வெட்டும் சகோதரர்களே, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் மகளே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு ஐந்து நிமிடம் என்று தாளில் அச்சடித்திருக்கிறார்கள். மணி அடிக்க நினைப்பவர்கள் அடித்துக்கொள்ளலாம். இரும்பு தட்டியே காது மந்தமாகிப்போனவன் நான்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்லறைத் தோட்டத்தின் பின்வாசலுக்கு எதிரே வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன் நான்தான். பள்ளிக்கூடம் என்னை அதிக நாள் வைத்துக்கொள்ளவில்லை. பெரிய பேச்சு எனக்கு வராது. ஆனால் பொய்யான பேச்சு எது என்று தெரியும். இன்று காலையிலிருந்து இந்த மேடையில் நான்கு பேர் பேசினார்கள். நான்கு பேரும் “எதிர்பாராத விபத்து” என்றார்கள். ஒருவர் “இயற்கையின் செயல்” என்றார். இயற்கைக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியுமா? போல்ட்டைக் கழற்றி, இரும்புக் காலை வண்டியில் ஏற்றி, பழைய இரும்புக் கடையில் போய் இறக்க இயற்கைக்கு வழி தெரியுமா?

சரி, அதற்கு வருகிறேன். முதலில் இறந்தவரைப் பற்றிப் பேசவேண்டும். அவரைப் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. “மரங்களின் தாய்” என்றார்கள். அவர் காதில் விழுந்திருந்தால் திட்டியிருப்பார். அவருக்கு ஒரு மகள்தான், அதுவே போதும் என்பார்.

அந்த அம்மையார் நில அளவைத் துறையில் வேலை பார்த்தவர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெயிலில் இரும்புச் சங்கிலி இழுத்து நிலம் அளந்தவர். அதனால்தான் சங்கிலியம்மா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்ற பிறகு இந்தத் தோட்டத்துக்கு வந்தது கணவரை அடக்கம் செய்ய. எல்லோரும் குழியைப் பார்த்து அழுதுகொண்டிருக்கும்போது இவர் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அழவில்லையா என்றால், அழுதார். அழுதுகொண்டே பார்த்தார். மறுவாரம் வந்து, இதோ இங்கே உட்கார்ந்திருக்கிறாரே மூத்த குழிக்காரர், அவரிடம் கேட்டிருக்கிறார்.

“பாதை ஏன் இங்க வளையுது?”

“எங்கப்பா காலத்துலேருந்து வளைஞ்சேதாம்மா கெடக்குது.”

“நேரா போட்டா கிட்டத்துல போயிடலாமே?”

“வர்றவங்களுக்கு இங்க என்னம்மா அவசரம்?”

இந்தப் பதிலைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்தக் கேள்வியை அவர் விடவில்லை. நேராகப் போகக்கூடிய பாதை வளைகிறது என்றால், அங்கே ஏதோ ஒன்று இருக்கிறது, அல்லது இருந்தது. நிலம் அளந்தவருக்கு அது தெரியும்.

நாமெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால் கல்லைப் படிப்போம். பெயர், வருடம், யாருக்கு யார். அவர் மரத்தைப் படித்தார். முன்வாசலிலிருந்து மேட்டுக்குப் போகும் பாதையில் மகோகனி மரங்கள் எதிரெதிரே நிற்கின்றன அல்லவா? அவற்றுக்கு நடுவே விட்டிருக்கும் அகலம், அந்தக் காலத்துக் குதிரை வண்டி ஒன்று சவப்பெட்டியோடு போகவும் இன்னொன்று காலியாகத் திரும்பி வரவும் போதுமான அகலம். மேட்டின் உச்சியில் வட்டமாக ஒரு வெற்றிடம், நடுவே ஒரே ஒரு வேம்பு. அது வண்டி திரும்புகிற இடம். பணக்காரக் கல்லறைகள் எல்லாம் அந்த வட்டத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன. வண்டி நிற்கிற இடத்திலிருந்து அதிகம் நடக்கக்கூடாது பாருங்கள், செத்தும் வசதி. கள்ளி மந்தாரை எங்கெல்லாம் நிற்கிறதோ, அங்கெல்லாம் ஒரு குழந்தையின் கல்லறை பக்கத்தில் இருக்கிறது. யாரோ ஒரு காலத்தில் அப்படி நட ஆரம்பித்தார்கள். பிறகு வந்தவர்களும் அதையே செய்தார்கள். இதையெல்லாம் நாம் பார்த்துக்கொண்டேதான் இருந்தோம். நமக்குத் தெரிந்ததா? எனக்குத் தெரியவில்லை. ஐம்பது வருடம் எதிரே பட்டறை வைத்திருந்தும் தெரியவில்லை.

இனி அந்த வளைவுக்கு வருகிறேன். மேட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம்; பாதை அதைச் சுற்றித்தான் வளைகிறது. அதன் ஓரமாகத் தூங்குமூஞ்சி மரங்கள் பிறை போல வளைந்து நிற்கின்றன. உள்ளே ஒரு கல் கிடையாது, ஒரு சிலுவை கிடையாது, ஒரு மண்மேடு கிடையாது. நிர்வாகக் குழுவின் வரைபடத்தில் அந்த இடத்துக்குப் பெயர் “காலி இடம்.”

குழிக்காரர்கள் அங்கே மண்வெட்டி வைக்கமாட்டார்கள். தோட்டத்தில் இடமே இல்லை, இரண்டு பிணத்துக்கு நடுவே மூன்றாவதைச் செருகவேண்டியிருக்கிறது, அப்போதும் அங்கே போகமாட்டார்கள். அப்பன் சொன்னான், தாத்தா சொன்னான், அவ்வளவுதான். காரணம் கேட்டால், “மரத்துக்கு உள்பக்கம் தோண்டுறதில்லீங்க” என்பார்கள். சங்கிலியம்மா அதைக் கேட்டுவிட்டுச் சும்மா இருப்பாரா? கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு முனையை அவர் பிடித்தார், மறு முனையை என் கையில் கொடுத்தார். மரம் மரமாக வைத்துப் பார்த்தோம். எல்லா மரத்தின் அடியும் ஒரே மட்டத்தில் இருந்தது. கரை கட்டினால்தான் அப்படி இருக்கும். அங்கே ஒரு குளம் இருந்திருக்கிறது. குளத்தைத் தூர்த்திருக்கிறார்கள். தூர்த்த மண் மட்டும் அல்ல உள்ளே போனது.

காய்ச்சல் வருடம் என்று நம் பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வண்டி வண்டியாக வந்த காலம். பெட்டிக்குப் பலகை இல்லை, கல்லுக்கு ஆள் இல்லை, பெயர் கேட்க நேரம் இல்லை. குளத்தில் இறக்கி மண் போட்டார்கள். அன்றைக்கு இருந்த ஏதோ ஒரு குழிக்காரனுக்கு, வெறும் மண்ணாக விட்டுவிட்டுப் போக மனது வரவில்லை. கரையோரமாகத் தூங்குமூஞ்சிக் கன்றுகளை நட்டிருக்கிறான். அந்த மரங்கள்தான் அவர்களுடைய கல். உள்ளே கிடப்பவர்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து வைத்த கல்.

நான் இதில் நடுநிலையானவன் இல்லை. அந்தப் பள்ளத்தில் என் அக்கா இருக்கிறாள். நான் பிறக்கும் முன்பே போனவள். பெயர் வைக்கும் முன்பே போனவள். என் அம்மா மாலை நேரத்தில் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே போவார். மூன்றாவது மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்பார். தூங்குமூஞ்சி மரம் தெரியுமல்லவா, வெளிச்சம் குறைந்தால் இலையை மூடிக்கொள்ளும். இலை எல்லாம் மூடியதும், “தூங்கிட்டா. வா, போலாம்” என்பார். நான் மரத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சங்கிலியம்மாவும் நானும் அறிமுகமானது சண்டையில். அந்த மூன்றாவது மரத்தின் பெரிய கிளை ஒன்று பாதைக்குமேல் நீட்டிக்கொண்டு கனத்துப்போயிருந்தது. பழைய நிர்வாகக் குழு என்னைக் கூப்பிட்டு, இரும்பு வடத்தால் இழுத்துக் கட்டச் சொன்னது. நான் ஏணி போட்டு ஏறிக்கொண்டிருக்கிறேன், கீழேயிருந்து ஒரு குரல்.

“யாருய்யா அது, மரத்துக்குத் தூக்கு மாட்டுறது?”

“என் வேலைய எனக்குச் சொல்லித்தர வேணாம்மா.”

“உன் வேலை இரும்பு. இது இரும்பில்ல. வளரும். வடம் அறுத்துக்கிட்டு உள்ள போயிடும்.”

அந்தச் சண்டை ஒரு வாரம் நடந்தது. வடமும் தாங்கியிருக்கும் என்று இன்றைக்கும் சொல்கிறேன். அவர் சொன்ன முட்டுக்கால் அதைவிட நன்றாகத் தாங்கியது. இவ்வளவுதான் நான் விட்டுக்கொடுப்பது, அவர் இறந்த பிறகும்.

தடித்த இரும்புக் குழாய். அடியில் வேர் இல்லாத இடமாகப் பார்த்து அவரே குறித்துக் கொடுத்த காங்கிரீட் பாதம். தலையில் கிளையைச் சுற்றிப் பிடிக்கிற இரும்புப் பட்டை, உள்ளே ரப்பர், இரண்டு பக்கமும் போல்ட். பிறை முழுவதும் எந்தெந்தக் கிளை நீண்டிருந்ததோ அதற்கெல்லாம் ஒவ்வொரு கால் செய்து நிறுத்தினேன். ஒவ்வொரு வருடமும் மழை முடிந்ததும் அந்தப் போல்ட்டுகளைத் தளர்த்தவேண்டும். மரம் பருத்திருக்கும். நான் ஒருமுறை கேட்டேன், ஒரு வருடம் விட்டால்தான் என்ன என்று. “நீ சாப்பிட்டு எழுந்தா பெல்ட்டைத் தளர்த்துறல்ல? அது வருஷம் பூரா சாப்பிட்டிருக்கு” என்றார்.

இரட்டை ஏணி போடுவோம். ஒரு பக்கம் நான், மறு பக்கம் அவர். போல்ட்டின் தலையை ஒருவர் ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளவேண்டும், அப்போதுதான் மற்றவர் நட்டைத் திருக முடியும். தனியாகச் செய்யவே முடியாத வேலை. இந்த வயதில் இரண்டு கிழங்கள் ஏணி உச்சியில் முகத்துக்கு முகம் நின்றுகொண்டு, “பிடிச்சியா?” “பிடிச்சேன், நீ திருகு,” “திருகுறேன், நீ பிடி” என்று கத்திக்கொண்டிருப்போம். அடக்கத்துக்கு வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். வருடத்துக்கு ஒருமுறை வருகிற அந்த நாளைத்தான் எங்கள் நட்பு என்று சொல்லலாம். மற்ற நாளெல்லாம் சண்டைதான்.

இனி கெட்டது.

நிர்வாகக் குழு மாறியது. கார்கள் உள்ளே வரவேண்டும் என்றார்கள். காலி இடம் ஒன்று வரைபடத்தில் இருக்கிறது, அங்கே நிறுத்திக்கொள்ளலாம் என்றார்கள். கல் இல்லாத இடம் காலி இடம். நிலத்துக்குக் கீழே யார் கிடந்தாலும் சரி, மேலே கல் இல்லையென்றால் காலி. பாதையை அகலப்படுத்தினார்கள். பொக்லைன் வந்தது. ஓரக்கல் பதிக்க மரத்தின் ஒரு பக்கத்து வேரையெல்லாம் ரொட்டி நறுக்குவதுபோல நறுக்கினார்கள். முட்டுக்கால்கள் புதுப் பாதையின் நடுவில் வந்தன. ஒப்பந்தக்காரர் அன்றைக்கு என்ன சொன்னார் என்று அவருக்கு நினைவிருக்கும். “கம்பி நடுரோட்டுல நிக்குது, வண்டி எப்படித் திரும்பும்?”

சங்கிலியம்மா அவர் எதிரே போய் நின்று கேட்டார். “கெழவன் கையிலேருந்து கோலைப் பிடுங்கிட்டு, காலையும் ஒண்ண வெட்டிட்டு, நில்லுன்னு சொல்றீங்களா?”

பிடுங்கினார்கள். நான் செய்த கால்களை நான் அடுத்த வாரம் பழைய இரும்புக் கடையில் பார்த்தேன்.

அம்மா குழு அலுவலகத்துக்குப் போனார். கூடவே நானும் போனேன். அந்த அறையில் நல்ல குளிர். மூன்றாவது மரத்தின் கிளை இறங்குகிறது என்றார். செயலாளர் மரியாதையாகத்தான் பேசினார், அதை மறுக்கமாட்டேன். “உங்க அனுபவத்தை மதிக்கிறோம்மா. ஆனா கண்ணால பாத்தது ஆதாரம் ஆகாது. ஆதாரம் கொண்டு வாங்க, பாப்போம்” என்றார்.

ஆதாரம். வாழ்நாள் முழுதும் ஆதாரம் தயாரித்துக் கொடுத்தவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னால் என்ன ஆகும்? அவர் அதைத் தட்டமாட்டார். கிளையின் நுனியிலிருந்து நூல் கட்டி, கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டுக்கும் தரைக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று தினமும் காலையில் போய் அளந்தார். குறைந்துகொண்டே வந்தது. ஒரு வாரக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டினார். “காத்துல ஆடியிருக்கும்மா, இன்னும் கொஞ்ச நாள் பாருங்க” என்றார்கள். இன்னும் கொஞ்ச நாள் பார்த்தார். கிளைக்குக் கீழே நின்று பார்த்தார். வேறு எங்கே நின்று அதை அளக்க முடியும்? சொல்லுங்கள், மேடையில் இருப்பவர்களே, வேறு எங்கே நின்று?

அன்றைக்குக் காற்றே இல்லை. நான் பட்டறைக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். முறிகிற சத்தம் எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஓடினேன், என்னால் எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு. குழிக்காரர்கள் எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கிளையைத் தூக்க அத்தனை பேரும் சேர்ந்தும் முடியவில்லை. கடைசியில் என் பட்டறை ஜாக்கியைக் கொண்டுவந்து வைத்துத்தான் தூக்கினோம். தூக்குக்குண்டு அவர் கைக்குள் இருந்தது. ஆட்டத்தை நிறுத்தப் பிடித்திருக்கிறார். ஆட்டம் நின்றால்தானே அளவு சரியாக வரும்.

செயலாளர் அவர்களே, ஆதாரம் வந்துவிட்டது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இந்த மேடைக்கு வந்திருக்கமாட்டேன். வீட்டில் உட்கார்ந்து சபித்துக்கொண்டிருந்திருப்பேன். ஆனால் வாசலில் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்களே, அதன் பின்பக்கத்தைப் படித்தீர்களா? “மறைந்த அம்மையாரின் நினைவைப் போற்றும் வகையில், பொதுமக்கள் பாதுகாப்பு கருதி, ஆபத்தான முதிய மரங்களை அகற்றி, அவர் பெயரில் நினைவு வளாகமும் வாகன நிறுத்தமும் அமைக்கத் தீர்மானிக்கப்படுகிறது.” கூட்டம் முடியும்போது கை தூக்கச் சொல்லப்போகிறார்கள். அவர் காத்த மரத்தை அவர் பெயரைச் சொல்லியே வெட்டுவார்களாம். வெட்டிய இடத்தில் கார் நிற்குமாம். அதற்கு அவர் பெயராம். வேலியில் போன ஓணானைப் பிடித்துக் காதுக்குள் விட்டுக்கொண்ட கதை கேட்டிருக்கிறேன். ஓணானைப் பிடித்து அடுத்தவன் காதுக்குள் விட்டவனே வைத்தியத்துக்கும் காசு கேட்கிற கதையை இப்போதுதான் பார்க்கிறேன்.

இனி அம்மாவின் மகளிடம் பேசவேண்டும். சபையில் பேசுவதற்கு மன்னித்துக்கொள் அம்மா. தனியாகப் பேச நீ இடம் கொடுக்கவில்லை, அதில் தவறும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் சொன்னாய். “அந்த மரம் இனிமே அங்க நிக்கக்கூடாது மாமா. நான் அந்தப் பக்கம் வரும்போது அது நின்னுக்கிட்டிருக்கக் கூடாது.” உன் அம்மாவின் உடல் உள்ளே இருந்தது. மறுநாளே குழுவினர் உன் வீட்டுக்கு வந்து, பெயரைப் பயன்படுத்தச் சம்மதம் கேட்டார்கள் என்று அறிந்தேன். நீ இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றும் அறிந்தேன்.

மரத்தை மன்னித்துவிடு என்று நான் சொல்லமாட்டேன். எனக்கே அதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. என் அம்மா கை வைத்த மரம், என் அக்கா தலைமாட்டில் நிற்கிற மரம், அதன் கிளைதான் விழுந்தது. நீ அந்தப் பக்கம் வரவேண்டாம். உன் காலம் முழுதும் வராமல் இருந்தாலும் நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். ஆனால் உன் அம்மா பெயரை மட்டும் கொடுத்துவிடாதே. அவர்களிடம் இல்லாத பொருள் அது ஒன்றுதான். வெறும் கோடரியோடு வந்தால் ஊர் கேள்வி கேட்கும். உன் அம்மா பெயரோடு வந்தால் கேட்காது. உள்ளே கிடப்பவர்களுக்கு வேறு கல் கிடையாது அம்மா. அவர்களுக்கு மகள்களும் கிடையாது, வந்து சண்டை போட. உன் அம்மாதான் போட்டுக்கொண்டிருந்தார்.

மணி அடிக்கிறார்கள் போலிருக்கிறது, எல்லோரும் திரும்புகிறீர்கள். முடித்துவிடுகிறேன். இரங்கல் கூட்டத்தில் கடைசியாக, விட்டுச்சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லவேண்டும் என்பார்கள். பொதுவாகச் சொன்ன உறுதியை எவனும் காப்பாற்றியதில்லை. அதனால் யார் எதைச் செய்யவேண்டும் என்று ஆள் ஆளாகச் சொல்கிறேன்.

தலைவர் அவர்கள் அந்தத் தீர்மானத்தை இன்று, இந்தக் கூட்டம் கலைவதற்குள், திரும்பப் பெறவேண்டும். வரைபடத்தில் “காலி இடம்” என்று இருப்பதை அவர் கையாலேயே அடித்துவிட்டு, “காய்ச்சல் வருடத்து அடக்கம்” என்று எழுதவேண்டும்.

நில அளவை அலுவலகத்துத் தோழர்கள் வந்து அந்தப் பிறையை முறையாக அளந்து கல் நடவேண்டும். அவர் தண்ணீர்க் குழாயால் அளந்தது சரியா தப்பா என்று சோதியுங்கள். சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் சோதியுங்கள். சோதிக்காமல் நம்பினால் அவருக்குப் பிடிக்காது.

குழிக்காரர்கள் நாளைக் காலையிலேயே மரத்தடியில் கயிறு கட்டவேண்டும். ஒரு மனிதர் உள்ளே போகக்கூடாது, துக்கத்துக்கு வந்தவரானாலும் சரி.

மரத்தின் நோய் பார்க்கப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவரை நிர்வாகக் குழு செலவு செய்து கூட்டிவரவேண்டும். அவர் எந்தக் கிளையை வெட்டச் சொல்கிறாரோ அதை வெட்டுவோம். பிழைக்காது என்று ஒரு மரத்தையே சொன்னாலும் கேட்டுக்கொள்வேன், அது மூன்றாவது மரமாகவே இருந்தாலும். அந்த இடத்தில் இன்னொரு கன்று நிற்கவேண்டும், அவ்வளவுதான்.

ஒப்பந்தக்காரர் வேர்ப்பக்கம் பதித்த ஓரக்கல்லையும் காங்கிரீட்டையும் பெயர்த்து எடுக்கவேண்டும். எந்திரம் வேண்டாம், கைக்கடப்பாரை போதும். பழைய இரும்புக் கடையில் கிடக்கும் முட்டுக்கால்களைத் திரும்ப வாங்கி என் பட்டறையில் இறக்கவேண்டும். துருவை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மகளே, நீ ஒன்றும் செய்யவேண்டாம். கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும்.

நான் செய்யவேண்டியது: விழாமல் நிற்கும் கிளைகளுக்கு முதலில் ஜாக்கி கொடுத்து, பிறகு கால்களை நிறுத்திப் பட்டை மாட்டுவேன். மாட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று முன்பே சொன்னேன். ஒரு ஸ்பேனர் என் கையில் இருக்கும். இதோ, இது அவருடையது. பிடியில் துணி சுற்றியிருக்கிறார், கை வழுக்காமல் இருக்க. இதை மேசைமேல் வைக்கிறேன்.

செயலாளர் அவர்களே, இதை நீங்கள் எடுத்துக்கொள்ளவேண்டும். சனிக்கிழமை காலை வாருங்கள். இரட்டை ஏணியின் அந்தப் பக்கம் நீங்கள் ஏறவேண்டும். போல்ட்டின் தலையை நீங்கள் பிடித்தால்தான் நான் நட்டைத் திருக முடியும். ஏணியை, அவர் அளந்துகொண்டு நின்ற இடத்திலேயே போடுவேன்.